பணம் எந்த வாசல் வழி வந்தது

மார்ச் கணக்கை முடித்து ஏப்ரலில் வேலையைத் தொடங்கும் எந்த வங்கிக் கிளையிலும் ஒரு கேள்வி காதில் விழும். மறையூரில் அது பெரும்பாலும் தமிழிலேயே விழும். "அக்கா, இந்த வருசத்துக்குப் பதினஞ்சு ஜி எழுதிக் குடுத்தாச்சா?" அக்காவுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. போன வருஷம் எழுதிக் கொடுத்தோமே, இன்னும் எதற்கு என்று அவர் நினைப்பார். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கொடுக்க வேண்டும். பணம் போட்டிருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 'என் மொத்த வருமானத்துக்கு வரி ஏதும் வராது, ஆகையால் என் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம்' என்பதுதான் அந்தத் தாளின் சாரம். அறுபது வயது ஆனவர்களுக்கு அதே தாள் 15எச் என்ற பெயரில் வரும்.

வரி கட்ட வேண்டிய அவசியமே இல்லாதவர், தனக்கு வரி இல்லை என்று வருஷம்தோறும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சேமிப்பு வட்டிக்கு வரி போடுவது நியாயமா என்ற பழைய விவாதத்தை நான் இந்தத் தாளிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு மறையூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்னையிலோ கொச்சியிலோ இந்தப் பேச்சு எடுத்தால், மாதச் சம்பளக்காரர்களின் புலம்பலாக அது சுருங்கிவிடும். மறையூரில் ஒரே தெருவில் பல வகைப் பணம் நடமாடுகிறது. வரிச் சட்டம் அவற்றில் எதை எப்படி நடத்துகிறது என்று அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. மூணாறிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் கீழே இறங்கினால் மறையூர். அங்கிருந்து சின்னாறு காட்டைக் கடந்தால் உடுமலைப்பேட்டை. அஞ்சுநாடு என்று பெயர் பெற்ற மலைப் பகுதி. மூணாறில் கொட்டும் மழை இங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. மழை மறைவுப் பகுதி என்பதால்தான் சந்தனம் தானாக வளர்கிறது, கரும்பும் இனிக்கிறது. ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சிக் கையால் உருட்டும் மறையூர்ச் சர்க்கரைக்கு, அதாவது வெல்லத்துக்கு, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மேலே தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள். சுற்றியுள்ள மலைகளில் முதுவர் குடிகள். மலப்புறம் அளவுக்கு இல்லாவிட்டாலும் வளைகுடாப் பணமும் கொஞ்சம் உண்டு. அரசு உத்தியோகம், பள்ளி ஆசிரியர் வேலை என்று மாதச் சம்பளம் வாங்கி ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

ஒரு கணக்குக்காக நான்கு பேரை ஒரே கவுண்டர் முன்னால் நிறுத்துவோம். கரும்பு விவசாயி, ஓய்வு பெற்ற ஆசிரியை, தோட்டத்தில் கொழுந்து பறித்து 58 வயதில் வேலையை விட்டு இறங்கிய பெண், துபாயில் வேலை செய்யும் இளைஞன். ஒவ்வொருவரிடமும் பத்து லட்சம் இருக்கிறது, வட்டி ஏழு சதவீதம். நால்வருக்கும் வருஷத்துக்கு 70,000 ரூபாய் வருகிறது.

இளைஞன் தன் பணத்தை வெளிநாட்டில் இருப்போருக்கான என்.ஆர்.இ. கணக்கில் போட்டிருக்கிறான். அவனுடைய 70,000க்கு இந்தியாவில் வரியே கிடையாது. அவன் எத்தனை கோடி போட்டாலும் கிடையாது. மற்ற மூவரின் 70,000மும் 'பிற வருமானம்' என்ற தலைப்பில் மொத்த வருமானத்தோடு சேரும். கேரளத்து வங்கிகளில் வெளிநாடுவாழ் மலையாளிகளின் டெபாசிட் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டி வருஷங்கள் ஆகின்றன. அந்நியச் செலாவணி வேண்டும் என்பதற்காக நாடு கொடுக்கும் சலுகை அது, புரிந்துகொள்ளலாம். ஆனால் வட்டி என்பது வருமானம், வருமானம் என்றால் வரி, இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்று யாராவது கொள்கை பேசினால், என்.ஆர்.இ. பாஸ்புக்கை நீட்டிக் காட்டலாம்.

சேமிப்பு வட்டிக்கு வரி கூடாது என்பவர்கள் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு. சம்பாதிக்கும்போது ஒரு முறை வரி கட்டியாயிற்று. மிச்சத்தைச் செலவழித்தவன் அதோடு தப்பித்தான், சேர்த்து வைத்தவன் மட்டும் மறுபடியும் கட்டுகிறான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் வெளியிட்ட பொருளாதார நூலிலேயே இந்த வாதம் இருக்கிறது. சேமிப்புக்கும் வரி, அந்தச் சேமிப்பின் பலனுக்கும் வரி என்பது ஒரே பொருளுக்கு இரு முறை வரி என்றார் அவர்.

நம் நால்வரிடம் இந்த வாதத்தை உரசிப் பார்த்தால் ஒருவரிடம்தான் அது சரியாக ஒட்டுகிறது. ஆசிரியை சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடித்துத்தான் கையில் கொடுத்தார்கள். அந்த மிச்சத்திலிருந்து மிச்சம் பிடித்தது அவருடைய பத்து லட்சம். மில்லின் நியாயம் முழுதாக அவருக்குச் சேரும்.

கரும்பு விவசாயிக்குச் சேராது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. அரசியல் சாசனம் அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்கு விட்டிருக்கிறது. கரும்பை வெல்லமாக்குவதும் விவசாயமா என்பது தனிக் கேள்வி. விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றதாக ஆக்க விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலைவரைதான் விவசாய வருமானம் என்கிறது சட்டம். கரும்பு கரும்பாகவே விலை போகும்போது அதைக் காய்ச்சி உருட்டுவது அந்த எல்லைக்குள் வருமா என்று வழக்காடலாம். தேயிலைக்கு இந்தச் சிக்கலை ஒரு விதியால் அறுத்துவிட்டார்கள். கொழுந்தை வளர்ப்பதும் ஆலையில் தூளாக்குவதும் ஒரே கை என்றால், வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் வியாபாரம். சர்க்கரைக் கொட்டகைக்கு அப்படியொரு கோடு கிழிக்கப்படவில்லை. கொட்டகைகளின் அளவைப் பார்த்தால் அதற்காக அதிகாரிகள் மலையேறி வருவார்கள் என்றும் தோன்றவில்லை. எப்படியானாலும் விவசாயியின் பத்து லட்சத்தில் பெரும்பகுதி முதல் வரியைப் பார்க்காத பணம். அதன் வட்டிக்கு வரி போட்டால் இரட்டை வரி என்று சொல்ல வழியில்லை, முதல் தடவையே இப்போதுதான்.

இந்த இடத்தில் திருச்சூர்க்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டும். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையில் 1972இல் அமைந்த குழு, விவசாயச் செல்வத்துக்கும் வருமானத்துக்கும் எப்படி வரி போடுவது என்று ஆராய்ந்தது. நிலத்தின் விளைதிறனை வைத்து ஒரு வரி போடலாம் என்ற அதன் பெரிய யோசனையை எந்த மாநிலமும் கையில் எடுக்கவில்லை. சின்ன யோசனை ஒன்று மட்டும் 1973 பட்ஜெட்டில் நுழைந்தது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லைதான், ஆனால் வட்டி போன்ற மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று முடிவு செய்யும்போது விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது. நடைமுறையில் அது எவ்வளவு பேரைத் தொடும் என்பது, விவசாய வருமானத்தை எவ்வளவு பேர் தாமாகவே எழுதிக் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

தோட்டத்துப் பெண்ணின் பணமும் முதல் வரியைப் பார்க்காததுதான். காரணம் வேறு. அவர் கூலி ஒருநாளும் வரி வரம்பை எட்டவில்லை. பி.எஃப். பணத்துக்கும் கிராஜுட்டிக்கும் வரி இல்லை. விவசாயிக்கு விலக்கு கிடைத்தது தொழிலால், இவருக்குக் கிடைத்தது வறுமையால். இரண்டையும் 'வரி கட்டாத பணம்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது சரியல்ல. தவிரவும், வருமான வரி கட்டாதவர் என்பதால் வரியே கட்டாதவர் ஆகிவிட மாட்டார். அவர் வாங்கிய சோப்பு, செருப்பு, செல்போன் எல்லாவற்றிலும் வரி இருந்தது. நாளை வட்டியை எடுத்துச் செலவழிக்கும்போதும் இருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, வட்டிக்கு வரி கூடாது என்ற கட்சியில் நான் சேரப்போவதில்லை என்பது தெரிந்திருக்கும். அதற்கு ஏழை பணக்காரன் பேச்சைவிடக் கறாரான காரணம் ஒன்று இருக்கிறது, பொதுப் பேச்சில் அது வருவதே இல்லை. வங்கி ஆசிரியையின் பத்து லட்சத்தை ஒரு சர்க்கரை மொத்த வியாபாரிக்குப் பத்து சதவீதத்துக்குக் கடன் கொடுக்கிறது. வியாபாரி கட்டும் ஒரு லட்சம் வட்டி அவருடைய தொழில் செலவு. லாபத்திலிருந்து அதைக் கழித்துவிட்டுத்தான் வரி கட்டுவார். அந்த ஒரு லட்சத்தில் 70,000 ஆசிரியைக்குப் போகிறது, 30,000 வங்கியிடம் நிற்கிறது. வியாபாரியின் கணக்கில் கழிந்த தொகை இவர்கள் இருவர் கணக்கிலும் வரவாகச் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். ஆசிரியையின் 70,000க்கு முழு விலக்கு கொடுத்தால் அந்தத் தொகை யார் கணக்கிலும் இல்லாமல் ஆவியாகிவிடும். பிறகு கெட்டிக்காரர்கள் தங்கள் கம்பெனிக்குத் தாங்களே கடன் கொடுத்து, லாபத்தையெல்லாம் வட்டியாக மாற்றி எடுத்துக்கொள்வார்கள். எந்த நாட்டிலும் அதற்கு அதிக நாள் பிடிக்காது.

ஆகவே வட்டி வருமானம்தான். எவ்வளவு வட்டி வருமானம் என்பதில்தான் இந்தியச் சட்டம் கண்ணை மூடிக்கொள்கிறது.

2021இல் ஒரு வருஷ டெபாசிட்டுக்குப் பெரிய பொதுத்துறை வங்கிகள் கொடுத்த வட்டி ஐந்து சதவீதத்தைச் சுற்றி இருந்தது. 5.1 என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்கு 51,000. 2022-23இல் சில்லறை விலைவாசி சராசரியாக 6.7 சதவீதம் ஏறியது. அதாவது, வருஷத் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு வாங்க முடிந்த சாமானை வருஷக் கடைசியில் வாங்க 10,67,000 வேண்டும். கையில் இருப்பது 10,51,000. டெபாசிட் போட்டவர் 16,000 ரூபாய் ஏழையாகிவிட்டார். பழைய வரி முறையில் ஐந்து லட்சத்துக்கும் பத்து லட்சத்துக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு 20 சதவீதம், மேல்வரியோடு 20.8. ஆசிரியை இன்னும் அறுபது எட்டாதவராய் அந்தப் படியில் இருந்தால், 51,000க்கு அவர் கட்ட வேண்டிய வரி 10,608 ரூபாய். வரவு என்று சட்டம் எழுதிக்கொண்ட இடத்தில் அவருக்கு இருந்தது நஷ்டம். நஷ்டத்துக்கு வரி கட்டினார்.

நல்ல காலத்தைப் பார்ப்போம். வட்டி ஏழு, விலைவாசி ஐந்து. 70,000இல் 50,000 பணத்தின் தேய்மானத்தை ஈடுகட்டப் போய்விடும். நிஜமான வரவு 20,000. வரியோ 70,000க்கும் சேர்த்து 14,560. சட்டப் புத்தகத்தில் 20 சதவீத வரி என்று இருப்பது, நிஜ வரவின் மேல் பார்த்தால் 70 சதவீதத்தைத் தாண்டுகிறது. 30 சதவீதப் படியில் இருப்பவருக்கு 21,840. நிஜ வரவைவிட அதிகம். எந்த நிதியமைச்சரும் எந்தப் பட்ஜெட்டிலும் சேமிப்பாளருக்கு நூறு சதவீதத்துக்கு மேல் வரி என்று அறிவித்ததில்லை. அறிவிக்காமலே அது நடக்கிறது.

பணத்தின் தேய்மானம் சட்டத்துக்குத் தெரியாத விஷயம் அல்ல. நிலம், வீடு விற்றவருக்கு அது தெரிந்தே இருந்தது. வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்தி, அதற்கு மேல் வந்த லாபத்துக்கு மட்டும் வரி கேட்டார்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அந்த வழியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உள்நாட்டுத் தனிநபருக்கு இன்னும் உண்டு. பங்குச் சந்தையில் நீண்டகால லாபத்துக்கு விலைவாசிக் கழிவு இல்லை, ஆனால் முதல் 1.25 லட்சத்துக்கு வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம்தான். நகராட்சி எல்லைக்கு அப்பால் கிராமத்தில் இருக்கும் விவசாய நிலம் 'மூலதனச் சொத்து' என்ற கணக்கிலேயே வராது, விற்றால் லாபம் முழுதும் வரியின்றிக் கைக்கு வரும். மேலும் நிலமும் பங்கும் விற்ற அன்றுதான் வரி கேட்கும். ஐந்து வருஷம் கழித்து மொத்தமாக வாங்கும் டெபாசிட்டுக்கோ, ஒரு ரூபாய் கையில் வராமலே வருஷாவருஷம் வட்டி சேர்ந்ததாகக் கணக்கிட்டு வரி பிடிப்பார்கள். இருக்கிற முதலீடுகளிலேயே பயந்தவர்களின் முதலீடு வங்கி டெபாசிட். விவரம் தெரிந்தவர்கள் வேறு வாசல்களைப் பார்த்துப் போய்விடுகிறார்கள், பயந்தவர்கள் நிற்கும் வாசலில்தான் வரி மிகக் கடுமையாக இருக்கிறது.

நியாயமாக, ஒரு ஆட்சேபத்தையும் சொல்ல வேண்டும். விலைவாசி சேமிப்பாளரிடம் எடுப்பதைக் கடனாளியிடம் கொடுக்கிறது. சர்க்கரை வியாபாரியின் பத்து லட்சக் கடனும் அதே வருஷம் 50,000 ரூபாய் தேய்ந்தது, அது அவருக்கு லாபம். இருந்தும் ஒரு லட்சம் வட்டியையும் முழுசாகச் செலவு எழுதிக்கொண்டார். ஆக, இல்லாத வரவுக்கு ஒருத்தியிடம் வரி வாங்கி, இல்லாத செலவுக்கு இன்னொருவருக்கு வரிச் சலுகை கொடுக்கிறது சட்டம். கஜானாவுக்கு ஏறக்குறைய நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. பணம் ஆசிரியை பையிலிருந்து வியாபாரி பைக்கு நகர்கிறது, அவ்வளவே. இதைத்தான் நான் அநியாயம் என்கிறேன். திருத்துவதென்றால் இரண்டு முனையிலும் திருத்த வேண்டும்: சேமிப்பாளருக்கு விலைவாசிக் கழிவு, கடன் வாங்கித் தொழில் செய்பவருக்கு அதே அளவு செலவுக் குறைப்பு. இரண்டாவதைச் சொல்ல எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வராது என்பதால் முதலாவதும் வருவதில்லை.

பிரிட்டனில் ஜேம்ஸ் மிர்லீஸ் தலைமையில் நடந்த பெரிய வரி ஆய்வு, 2011இல் முடிந்தபோது, இதைவிட எளிய வழியைச் சொன்னது. சேமிப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் பலனுக்கு வரி வேண்டாம், அதற்கு மேல் கிடைப்பதற்கு மட்டும் போடுங்கள். சாதாரண வங்கிக் கணக்கில் அதற்கு மேல் என்று ஒன்று கிடையாது என்பதால் அந்த வட்டியை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தனிநபரின் வங்கி டெபாசிட் வட்டிக்கு ஏற்கெனவே வரி இல்லை. அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தக் கட்டுரையின் கேள்வியைக் கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு கிளைக் கதை உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. சேமிப்பை விட்டுவிட்டுச் செலவுக்கு வரி போடலாம் என்பதை உலகிலேயே முதலில் முயன்று பார்த்த நாடு இந்தியா, செய்தவர் ஒரு தமிழர். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கலஸ் கால்டார் 1956இல் இந்திய வரி அமைப்பை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஒருவர் பொதுப் பானையில் போடுவதை வைத்து வரி கேட்காதே, அதிலிருந்து எடுத்துத் தின்பதை வைத்துக் கேள் என்பது அவர் கொள்கை. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செலவு வரிச் சட்டம் கொண்டுவந்தார். 1962இல் மொரார்ஜி தேசாய் அதை நிறுத்தினார். மீண்டும் நிதியமைச்சரான கிருஷ்ணமாச்சாரி 1964இல் உயிர் கொடுத்தார். 1966இல் அது இறுதியாகச் செத்தது. இலங்கையும் கால்டார் யோசனையில் 1959இல் இதே வரியைப் போட்டுச் சில வருஷங்களில் கைவிட்டது. பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் போட்டதால் வசூல் சொற்பம், யார் என்ன செலவு செய்தார் என்று கண்டுபிடிக்கும் பாடு பெரிது. தோற்றது கொள்கையா, அதை நடத்திய விதமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். நடத்திய விதம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிறகு இந்திய அரசு கொள்கை பேசுவதை விட்டுச் சலுகை கொடுப்பதும் பிடுங்குவதுமாக இருந்தது. வங்கி வட்டியில் ஒரு பகுதிக்கு விலக்கு கொடுத்த 80எல் பிரிவு, 12,000 ரூபாய் அளவில் இருந்தபோது 2005 பட்ஜெட்டில் போயிற்று. 2012இல் சேமிப்புக் கணக்கு வட்டிக்கு மட்டும் 10,000 வரை விலக்கு வந்தது, டெபாசிட்டுக்கு இல்லை. 2018இல் மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் உட்பட 50,000 வரை கிடைத்தது. 2020இல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தால் இந்த இரண்டும் இல்லை. இதற்கிடையே 2016 பட்ஜெட்டில், பி.எஃப். பணத்தை எடுக்கும்போது ஒரு பகுதிக்கு வரி போட யோசனை வந்தது. சம்பளக்காரர்கள் போட்ட கூச்சலில் பத்து நாள்கூட ஆகாமல் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி அதைத் திரும்பப் பெற்றார். டெபாசிட்காரர்களுக்கு அப்படிக் கூச்சல் போட ஒரு சங்கம் இல்லை.

2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. பிறகென்ன, மறையூரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் கேள்வியே எழாதே என்று கேட்கலாம். வரி எழாது, பிடித்தம் எழும். வரியும் பிடித்தமும் வேறு வேறு என்பது இந்த ஊரில் பலருக்கும் குழப்பமான சங்கதி. இரு பக்கமும் குழப்பம்.

ஒரு பக்கம் கூட்டுறவுச் சங்கம். கேரளத்தில் ஊருக்கு ஊர் 'சர்வீஸ் சகரண பாங்க்' என்ற பலகையோடு இருப்பவற்றில் பல, சட்டப்படி தொடக்க வேளாண் கடன் சங்கங்கள். அவற்றில் போட்ட டெபாசிட் வட்டிக்குப் பெரும்பாலும் வரிப் பிடித்தம் கிடையாது. பிடிக்கவில்லை என்பதாலேயே வரி இல்லை என்று நினைத்துக்கொண்டவர்கள் ஏராளம். வரி உண்டு, தானாக எழுதிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். வருமான வரித்துறை இதை அறியாமல் இல்லை. கண்ணூர் மாவட்டத்தின் கதிரூர் சர்வீஸ் கூட்டுறவு வங்கியிடம், ஒரு லட்சமும் அதற்கு மேலும் டெபாசிட் போட்டவர்களின் விவரம் கேட்டு நோட்டீஸ் போயிற்று. யார்மீதும் எந்த விசாரணையும் நடக்காதபோது இப்படி மொத்தமாக வலை வீசலாமா என்று வங்கி வழக்காடியது. வீசலாம் என்று 2013 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு அந்தரங்கத்தில் கைவைக்கிறது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அதில் ஜெர்மனியின் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே வட்டிக்கு வரி இருந்தது, ஆனால் யார் எவ்வளவு வட்டி வாங்குகிறார் என்று பார்க்க வரித்துறைக்குக் கிட்டத்தட்ட வழியில்லாமல் வைத்திருந்தார்கள். நேர்மையாக எழுதிக் கொடுத்தவர்கள்தான் கட்டினார்கள். 1991 ஜூன் 27 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், ஏட்டில் சமமாக இருந்தும் நடப்பில் நேர்மையானவர் மட்டுமே கட்டும் வரி சமத்துவ உரிமைக்கு விரோதம் என்றது. அரசுக்கு வேறு வழியில்லாமல் 1993 முதல் வங்கியிலேயே பிடித்தம் செய்ய ஆரம்பித்தார்கள். கூடவே சிறு சேமிப்பாளர் ஒதுங்கிக்கொள்ளும்படி தாராளமான விலக்கும் கொடுத்தார்கள். இந்தியாவில் பிடித்தம் வந்தது, கூடவே வர வேண்டிய தாராளம் தாமதமாகவே வந்தது. பிடித்தம் தொடங்க 2007இல் வைத்த 10,000 ரூபாய் வட்டி வரம்பு, அறுபதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2019 வரை அசையவில்லை. அந்த வருஷம் 40,000 ஆயிற்று, 2025 ஏப்ரல் முதல் 50,000, அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு லட்சம்.

இலங்கையில் நடந்ததோடு பார்த்தால் நம் கதை பரவாயில்லை என்றே சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் அங்கே வைப்பு வட்டியில் 5 சதவீதம் பிடிக்கத் தொடங்கியபோது விலைவாசி 50 சதவீதத்துக்கும் மேல் ஏறிக்கொண்டிருந்தது. வங்கி வட்டி இருபதுகளில் இருந்ததால் நிறைய வருகிற மாதிரித் தெரிந்தது. யாழ்ப்பாணத்து ஓய்வூதியர் ஒருவர் தம் சேமிப்பின் மதிப்பு கரைந்த வருஷத்திலேயே 'வட்டி வருமானம்' பெற்றவராகவும் எண்ணப்பட்டார். 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் 10 சதவீதம். அங்கேயும் வருமானம் குறைந்தவர்கள் பிரகடனம் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அங்கேயும் தாள்தான்.

குழப்பத்தின் மறு பக்கத்துக்கு, மறையூர்த் தாளுக்கு வருவோம். தோட்டத்துப் பெண்ணுக்கு வயது 58. பி.எஃப். ஓய்வூதியத்துக்கு அது ஓய்வு வயது. வருமான வரிக்கு அவர் மூத்த குடிமகள் ஆக இன்னும் இரண்டு வருஷம் வேண்டும். ஆக, ஒரு லட்ச வரம்பு அவருக்கு இல்லை, 50,000தான். அவருடைய 70,000 அதைத் தாண்டுகிறது. 15ஜி கொடுக்காவிட்டால் பத்து சதவீதம், 7,000 ரூபாய் போகும். பான் எண் இல்லாவிட்டாலோ, ஆதாரோடு இணையாமல் செயலிழந்திருந்தாலோ இருபது சதவீதம், 14,000. அப்போது 15ஜி தாளும் செல்லாது. பான் இணையாமல் போவதற்குத் தமிழர்களுக்கென்றே ஒரு காரணம் உண்டு. தோட்டத்து ஏட்டில் முன்னெழுத்தோடு இருக்கும் பெயர், ஒரு அட்டையில் அப்பா பெயரோடும் இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயரோடும் நீண்டிருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதைக் கணினி ஒப்புக்கொள்ளாது. போன பணத்தைத் திரும்பப் பெற அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வாழ்நாளில் வரி வரம்பை எட்டாத ஒருவருக்கு முதல் வரிக் கணக்கு, தர வேண்டாத வரியைத் திரும்பக் கேட்பதற்காக.

முதுவர் குடியில் எலுமிச்சைப்புல் தைலமும் ஏலமும் விற்றுச் சேர்த்த ஒரு பெண்ணுக்கும் இதே தாள்தான். பழங்குடியினருக்கு வருமான வரியிலிருந்து விலக்கு உண்டே என்று யாராவது சொன்னால், சட்டப் பிரிவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1961 சட்டத்தின் 10(26) பிரிவு கொடுக்கும் அந்த விலக்கு நாகாலாந்து, மணிப்பூர், திரிபுரா, அருணாச்சலம், மிசோரம், அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணைப் பகுதிகள், லடாக் ஆகிய இடங்களில் வாழும் பழங்குடியினருக்கு. பெயர் சொன்ன இடங்களில் இடுக்கி இல்லை. ஐசால் கிளையில் ஒரு மிசோ பெண்ணின் டெபாசிட் வட்டிக்கு, அந்த வட்டி எவ்வளவு ஆனாலும் வரி கிடையாது. மறையூர்க் கிளையில் முதுவர் பெண் முதலில் பான் வாங்க வேண்டும், அதை ஆதாரோடு இணைக்க வேண்டும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறை மலையிறங்கி வந்து, தனக்கு வரி இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அறுபது வருஷத்துச் சட்டத்தை எளிமையாக்கி 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறித்து எழுதப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின, வாக்கியங்கள் சுருங்கின. வட்டி முழுவதும் வருமானம் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது, துபாய் இளைஞனின் விலக்கும் அப்படியே. பத்து லட்சத்துக்கு 70,000 என்றால் 70,000தான். அதில் 50,000 ஏற்கெனவே கடைத்தெருவில் கரைந்துபோனதைப் பற்றிப் புதிய சட்டத்திலும் ஒரு வரி இல்லை.